கடதாசிக் கூட்டில் ஒரு வெளிச்சம்

நெருப்புக்கும் கடதாசிக்கும் பகை என்பது சிறுபிள்ளைக்கும் தெரிந்த உண்மை. ஆயினும் அவ்விரண்டையும் ஒரே வீட்டிற் குடியிருத்த வேண்டும் என்னும் ஆசை மனிதனை விட்டபாடில்லை. மூங்கிலைக் கீறுகளாகப் பிளந்து, சட்டம் கட்டி, நிறக் கடதாசி ஒட்டி, உள்ளே ஒரு சுடரை வைத்து, அது பற்றிவிடுமோ என்ற அச்சத்துடனேயே தூக்கிக் கட்டி அழகு பார்ப்பது இந்நாட்டில் எல்லோர்க்கும் பொதுவான பழக்கம். வெசாக் பூரணையில் பௌத்தர் இல்லங்களில் எண்கோணக் கூடுகள் தொங்குகின்றன. மார்கழியிற் கிறித்தவர் இல்லங்களில் நட்சத்திரக் கூடுகள் ஒளிர்கின்றன. எம்முடைய வீட்டிலோ கார்த்திகை விளக்கீட்டன்று அகல் விளக்குகளுக்குத் துணையாக ஒரு வெளிச்சக்கூடு விறாந்தையில் தொங்குவது வழக்கம். அவ்வழக்கம் எம்மிடம் தொடங்கியது. இப்போது எம் மகளிடம் சென்றிருக்கின்றது. எவ்வாறு சென்றது என்பதையே இங்கு கூற விரும்புகின்றோம். அதிலே எமக்குப் பெருமை தருவது சிறிது. வெட்கந் தருவதும் சிறிது உண்டு.

சென்ற கார்த்திகையில், எட்டாம் வகுப்பிற் கற்கும் எம் மகள், இம்முறை கூட்டைத் தானே செய்யப்போவதாக அறிவித்தாள். "மெழுகுதிரி வேண்டாம் அப்பா, நான் பற்றறியிலை எரியச் செய்யப்போறன்" என்றாள். நாம் கல்லூரியில் உயர்தர வகுப்பினர்க்குப் பௌதிகவியல் கற்பித்து வருகின்றோம். ஆதலால் அவ்வறிவிப்பு எமக்குப் பெருமகிழ்ச்சி தந்தது. அம்மகிழ்ச்சியே பின்னர் எமக்கு இடறுகல்லாகும் என்பதை அப்போது அறிந்திலோம்.

அவள் தெரிந்தெடுத்த வடிவம் ஐமுனை நட்சத்திரம். ஐந்து மூங்கிற் கீறுகளால் ஒரு நட்சத்திரமும், மேலும் ஐந்தால் இன்னொன்றும் கட்டி, இரண்டையும் முனைகளிற் பிணைத்து, நடுவே குறுங்கம்புகளைச் செருகி அகலச் செய்தால் வயிறு புடைத்த நட்சத்திரம் கிடைக்கும். அதன்மேற் பட்டம் கட்டும் மெல்லிய கடதாசியைக் கோதுமை மாப் பசையால் ஒட்ட வேண்டும். இவை எல்லாம் பழைய முறையே. புதிய பகுதி உள்ளே இருந்தது. தடித்த மட்டையை நட்சத்திர வடிவில் வெட்டி, அதன்மேற் பசை தடவிய செப்பு நாடாவைப் புகையிரதத் தண்டவாளம் போல இரு நிரையாக ஒட்டினாள். ஒரு நிரை மின்கலத்தின் நேர்முனைக்கு, மற்றது மறைமுனைக்கு. இரண்டுக்கும் குறுக்கே, எமது பாடநூல்கள் ஒளிகாலும் இருவாயி என்றும் கடைக்காரர் எல்.ஈ.டி. என்றும் கூறும் சிறு விளக்குகளை வைத்தாள். அவ்விளக்கின் கால்களில் நீண்டது நேர்முனைக்குரியது. மாற்றி வைத்தால் எரியாது. செப்பு நாடா திரும்ப வேண்டிய மூலைகளில் அதை வெட்டி ஒட்டாமல், மடித்தே திருப்ப வேண்டும் என்பதையும் அவளே கண்டறிந்தாள். வெட்டி ஒட்டிய இடத்தில் நாடாவின் அடியிலுள்ள பசை மின்னோட்டத்தை மறிக்கக்கூடும்.

மின்கலமோ நாணயம் போன்றது. அதன் முதுகில் 2032 என்று பொறித்திருக்கும். அவ்வெண்ணில் 20 என்பது 20 மில்லிமீற்றர் விட்டத்தையும், 32 என்பது 3.2 மில்லிமீற்றர் தடிப்பையும் குறிக்கும். தருவது 3 வோல்ற்று. கடதாசியை எரிக்கும் வெப்பம் இத்தகைய சிறு விளக்கில் எழுவதில்லை. பழைய இழைக் குமிழோ தான் பெற்ற மின்சக்தியிற் பெரும்பகுதியை வெப்பமாகவே கக்கியது. கடதாசி அதனருகே சென்றாற் கருகும். நெருப்புக்கும் கடதாசிக்கும் இருந்த பகை எம் மகளின் காலத்தில் தீர்ந்துவிட்டது எனலாம்.

அவள் வேலை செய்யும்போது நாம் அருகிருந்து வாய் ஓயாது பேசினோம். ஆசிரியத் தொழிலின் குணம் அது. கடதாசியும் மூங்கிலும் கூட்டின் உடல் மாத்திரமல்ல, ஒருகாலத்தில் மின்விளக்கின் உயிராகவும் இருந்தன என்றோம். 1879ஆம் ஆண்டின் இறுதியில் எடிசன் பொதுமக்களுக்குக் காட்டிய விளக்குகளில் ஒளிர்ந்த இழை, குதிரை இலாடம் போல வெட்டிக் கரியாக்கிய தடித்த கடதாசியே. அதன்பின் அவர் தெரிந்தெடுத்தது ஜப்பானின் கியோத்தோ நகருக்கு அண்மையில் விளைந்த மூங்கிலை. இசாமு நொகுச்சி என்னும் சிற்பியைப் பற்றியும் கூறினோம். அவருடைய தந்தையார் ஜப்பானியர், தாயார் அமெரிக்கர். 1951ஆம் ஆண்டில் அவர் ஜப்பானின் கிபு நகருக்குச் சென்று, அங்கே மூங்கிலாலும் முசுக்கட்டை மரப்பட்டைக் கடதாசியாலும் கூடு செய்யும் தொழிலாளரைக் கண்டார். மெழுகுதிரிக்குப் பதிலாக மின்குமிழை வைத்து அவர் ஆக்கிய கூடுகளுக்கு 'அகாரி' என்று பெயர். அச்சொல்லுக்கு வெளிச்சம் என்பதே பொருள். வெறுங் குமிழ் கண்ணைக் குத்துகின்றது. கடதாசி அவ்வொளியை வாங்கிப் பரப்பிக் கண்ணுக்கு இதமாகத் தருகின்றது. மகள் "உம்" கொட்டிக்கொண்டே பசை தடவினாள்.

இரண்டாம் நாள் மாலை சுற்றுப் பூர்த்தியாயிற்று. முனைகள் ஐந்திலும் சிவப்பு. நடுவே ஒரு நீலம். மின்கலத்தை வைத்தாள். சிவப்பு ஐந்தும் எரிந்தன, நீலம் எரியவில்லை. நீலத்தைக் கழற்றித் தனியே மின்கலத்திற் பிடித்துப் பார்த்தாள், நன்றாக எரிந்தது. மீண்டும் கூட்டில் வைத்தாள், அணைந்தது. "தனிய எரியுது, சேத்தால் நூருது. ஏன்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டு, நெற்றியைச் சுருக்கி அதையே பார்த்தவண்ணம் இருந்தாள்.

விடை எமக்குத் தெரியும். சிவப்பு விளக்கு ஏறக்குறைய 2 வோல்ற்றிலேயே எரியத் தொடங்கும். நீலத்துக்கு ஏறக்குறைய 3 வேண்டும். தோட்டத்திலே தாழ்ந்த பாத்திக்கு மடை திறந்துவிட்டால் உயர்ந்த பாத்திக்கு நீர் ஏறாதன்றோ? அதுபோலச் சிவப்பு வழியே மின்னோட்டம் முழுதும் பாய்ந்துவிடுகின்றது. நீலத்துக்கு வேண்டிய அழுத்தம் எஞ்சுவதில்லை. இதை அவளே காணும்வரை நாம் பொறுத்திருக்க வேண்டும். பொறுத்தோமில்லை. கூட்டை அவள் மடியிலிருந்து எடுத்தோம். ஆய்வுகூடப் பெட்டியைத் திறந்து, சிவப்பு விளக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு தடையியை ஈயம் உருக்கிப் பற்றவைத்தோம். கோணியிருந்த நாடாக்களை உரித்து நேராக ஒட்டினோம். ஒரு முனை சற்றுச் சாய்ந்திருந்தது. அதையும் அவிழ்த்துக் கட்டினோம். அரைமணி நேரத்தில் ஆறு விளக்கும் ஒருங்கே எரிந்தன. வெற்றியோடு அவளிடம் நீட்டினோம்.

அவள் வாங்கவில்லை. "வடிவாய் இருக்கு. ஆனால் அப்பா, இது இனி உங்கட கூடு" என்று மெல்லச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். கோபித்துச் சொல்லியிருந்தால் நாமும் கோபித்திருப்போம். அவள் கோபிக்கவில்லை, உள்ளதைச் சொன்னாள். விறாந்தையின் மறுபுறத்தில் சாய்மனைக் கதிரையில் இருந்த எம் அன்னையார் யாவற்றையும் பார்த்திருந்தார், வாய் திறந்தாரில்லை.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. 1993ஆம் ஆண்டுக் கார்த்திகை நினைவுக்கு வந்தது.

அப்போது எமக்குப் பன்னிரண்டு வயது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் 1990ஆம் ஆண்டிலேயே மின்சாரம் நின்றுவிட்டது. ஜாம் போத்தலின் அடியிற் பஞ்சு வைத்துச் சிறிதளவு மண்ணெண்ணெய் வார்த்து எரித்த சிக்கன விளக்கின் முன்னேதான் நாம் படித்தோம். மின்கலங்கள் கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருள்களில் ஒன்று. எங்கேனும் கிடைத்தாலும் விலை யானை விலை. சோர்ந்துபோன மின்கலத்தை வெயிலிற் காயவைத்து இன்னும் ஒருநாள் உயிர்கொடுத்து வாங்குவர். எம் வீட்டிலே நான்கு சிறு மின்கலங்கள் இருந்தன. அவை தந்தையாரின் வானொலிக்குள் இருந்தன. இரவு ஒன்பது மணிக்குப் பின் பி.பி.சி. தமிழோசை கேட்பதற்கென்றே அவ்வானொலி திறக்கப்படும். எமது ஒழுங்கையில் ஏழெட்டுப் பேர் அதைக் கேட்க எம் விறாந்தையில் வந்து கூடுவர். கொழும்பிலிருந்த சிறிய தந்தையாரின் கடிதம் வந்து மூன்று மாதங்களாகியிருந்தன.

அவ்வாண்டு விளக்கீட்டுக்கு நாம் ஒரு கூடு கட்டினோம். பழைய அப்பியாசக் கொப்பித் தாளுக்கு மஞ்சளும் செம்பரத்தம்பூச் சாறும் பூசி நிறமேற்றினோம். உள்ளே சிக்கன விளக்கை வைத்தோம். மாரிக் காற்று ஒரு வீச்சு வீசியது. கூடு பற்றிச் சாம்பலாயிற்று. அழுதுகொண்டே இரண்டாவது கூட்டைக் கட்டினோம். பின்னர், எவரும் காணவில்லை என்ற துணிவில், வானொலியின் பின்மூடியைத் திறந்து நான்கு மின்கலங்களில் இரண்டை எடுத்தோம். பழைய ரோச் லைற்றின் குமிழொன்று எம்மிடம் இருந்தது. அதைக் கூட்டுக்குள் கட்டி எரியவிட்டோம்.

ஒழுங்கை முழுவதும் இருளாய்க் கிடக்க எம் வீட்டு விறாந்தையில் மாத்திரம் காற்றுக்கு அசையாத ஒரு வெளிச்சம்! அயலவர் வந்து பார்த்தனர். ஒன்றரை மணி நேரம் நாம் அரசரைப் போல நின்றோம். பின் வெளிச்சம் சிவந்து, மங்கி, ஓய்ந்தது. மின்கலங்களை ஓசைப்படாமல் வானொலியில் வைத்துவிட்டுப் படுக்கைக்குப் போனோம்.

ஒன்பது மணிக்குச் சனம் வந்தது. தந்தையார் வானொலியைத் திருகினார். குரலொன்று எழுந்து, தேய்ந்து, நின்றுவிட்டது. தொடராக இணைந்த நான்கில் இரண்டு சோர்ந்தால் மற்ற இரண்டின் வலிமையும் பயன்படாது என்பதை நாம் பின்னாளிற் படித்தோம். அன்று பாய்க்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தோம். வந்தவர்கள் சிறிது நேரம் இருந்துவிட்டுக் கலைந்து போயினர். தந்தையார் அன்றிரவு எம்மை எழுப்பவில்லை. மறுநாட் காலையில் மின்கலங்களை வெயிலில் வைத்துவிட்டு, "தம்பி, பற்றறி போனது போகட்டும். இனிச் சனம் செய்தி கேக்க என்ன வழி? அதை நீதான் பாக்க வேணும்" என்றார். அடியும் இல்லை, ஏச்சும் இல்லை.

சந்தியில் வானொலி திருத்துபவர் ஒருவர் இருந்தார். துவிச்சக்கர வண்டியின் டைனமோவால் வானொலி பாடவைப்பது அக்காலத்தில் எங்கும் நடந்த வித்தை. டைனமோ தருவது முன்னும் பின்னுமாக மாறிப் பாயும் ஓட்டம். வானொலிக்கு வேண்டியது ஒருதிசை ஓட்டம். ஆதலால் இருவாயி நான்கும் கொள்ளளவி ஒன்றும் வேண்டும் என்று அவர் கூறினார். வீட்டுக் கோழிகளின் ஆறு முட்டைகளை அன்னையாரிடம் கேட்டு வாங்கிக் கொடுத்து அவற்றைப் பெற்றோம். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி இணைத்தோம். முதல் இரவு வானொலி ஊமையாகவே கிடந்தது. இரண்டாம் இரவும் அப்படியே. இருவாயியொன்றைத் தலைமாற்றி வைத்திருந்தோம். தந்தையார் இரண்டு இரவும் எம் அருகே குந்தியிருந்து சிக்கன விளக்கைப் பிடித்தார். கம்பியை ஒருமுறையேனும் தொட்டாரில்லை. மூன்றாம் இரவு நாம் கையால் மிதியைச் சுழற்றச் சுழற்ற, இலண்டனிலிருந்து குரல் வந்தது. நாம் களைத்தால் குரலும் களைக்கும். வேகமாகச் சுழற்றினால் நிமிரும். விறாந்தையில் இருந்தவர்கள் சிரித்தனர். அன்றுதான் நாம் பௌதிகவியல் படிக்க வேண்டுமென்று எண்ணினோம் எனின் மிகையாகாது.

நீல ஒளியை வன்மையாகத் தரும் இருவாயியை ஜப்பானில் சூஜி நாகமுரா உலகுக்குக் காட்டியது அதே 1993ஆம் ஆண்டிலேதான். சிவப்பு இருவாயி 1962ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. நீலத்துக்கு முப்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்காக அவருக்கும் அகசாக்கி, அமானோ என்பவர்களுக்கும் 2014ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது. முட்டை கொடுத்து நாம் வாங்கிய இருவாயியும் எம் மகளின் நீல விளக்கும் ஒரே குலத்தன. இரண்டும் ஒரு திசையிலேதான் மின்னோட்டத்தை விடும். அவளும் ஒரு விளக்கின் முன் நெற்றி சுருக்கியிருந்தாள். அவளருகே இருந்த தந்தைதான் வேறாகிவிட்டான்.

மறுநாட் காலையில் இதை அன்னையாரிடம் சொல்லி வருந்தினோம். தந்தையார் 2011ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார்; அவரிடம் சொல்ல வழியில்லை. அன்னையார் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"உனக்கு ஒரு விஷயம் தெரியாது, தம்பி. அண்டைக்கு நீ றேடியோவைக் கழட்டிப் பற்றறி எடுக்கேக்கை அப்பா கதவடியிலை நிண்டு பாத்துக்கொண்டுதான் நிண்டவர். நான் மறிக்க வெளிக்கிட்டன். 'விடு, பிள்ளை செய்து பாக்கட்டும்' எண்டவர். சனம் வந்து சும்மா திரும்பிப் போகேக்கையும் ஒண்டும் பேசேல்லை."

நாம் திகைத்து நின்றோம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அதைக் களவென்றே எண்ணி வெட்கியிருந்தோம். அவரோ தம்பியைப் பற்றி ஏதேனும் அறியலாமென்று காத்திருந்த ஓரிரவின் செய்தியை, தெரிந்துகொண்டே, ஒரு கடதாசிக் கூட்டுக்குக் கொடுத்திருக்கின்றார். கொடுத்ததை எம்மிடம் ஒருநாளும் சொன்னதில்லை. மின்கலம் கிடைத்தற்கரியதாயிருந்த காலத்தில் அவருக்கிருந்த பொறுமை, அது பெட்டிக்கடையிலும் கிடைக்கும் காலத்தில் எமக்கு இல்லாமற் போனது ஏன்?

அன்று மாலை மகளிடம் சென்றோம். "பிள்ளை, நான் செய்தது பிழை. அதைக் கழட்டித் தரட்டோ?" என்று கேட்டோம். "வேண்டாம், அது இருக்கட்டும். நான் வேறை கட்டிறன்" என்றாள். விளக்கீட்டுக்கு இரண்டு நாள்களே இருந்தன. நாம் மூங்கில் மாத்திரம் கீறிக் கொடுத்தோம். நீலம் எரியாத காரணத்தைக் கேட்டால் மாத்திரம் சொல்வதென்று உறுதி செய்துகொண்டோம். அவள் கேட்கவில்லை. ஒவ்வொரு சிவப்பாகக் கழற்றிக் கழற்றிப் பார்த்தாள். ஐந்தையும் கழற்றிய பின்னரே நீலம் எரிந்தது. ஒரு சிவப்பு மீண்டும் வந்தால் அணைந்தது. "இது அதோடை ஒத்துப்போகாது" என்று முடிவு செய்தாள். நீலத்துக்கு மாத்திரம் வேறொரு மின்கலம் வைத்தாள். தடையியைப் பற்றி அவள் இன்னும் அறியாள். ஆனால் அவளுடைய விடை பிழையான விடையன்று. மட்டையின் ஒரு மூலையில் செப்பு நாடாவை ஒட்டி மடித்து, அழுத்தினால் எரியவும் விட்டால் அணையவும் ஆளியொன்றும் செய்தாள். அஃது எமக்குத் தோன்றாத யோசனை.

இதைப் படித்துவிட்டு உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் செய்ய விரும்பலாம், விரும்ப வேண்டும். ஒன்றை மாத்திரம் பெரியவர்கள் தம் கையிலேயே வைத்திருங்கள். நாணய மின்கலத்தைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துள்ளேயே அது உணவுக் குழாயை எரித்துப் புண்ணாக்கக்கூடும். உயிருக்கும் ஆபத்து. ஆதலால் அதை நாடாவால் இறுகச் சுற்றி, எட்டாத உயரத்திற் கட்டுங்கள். கழித்த மின்கலத்தையும் மேசையில் விடாதீர்கள். விழுங்கியதாக ஐயமெழுந்தாலும் தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். மற்றவற்றைப் பிள்ளையின் கையில் விட்டுவிடலாம்.

விளக்கீட்டன்று மழை சற்று ஓய்ந்திருந்தது. படலையிலும் மதிலிலும் அகல்கள் எரிந்தன. விறாந்தையில் அவளுடைய கூடு தொங்கியது. ஒரு முனை சாய்ந்திருந்தது. கடதாசியில் இரண்டு இடங்களிற் பசை கசிந்து கறை தெரிந்தது. ஒரு சிவப்பு அடிக்கடி கண் சிமிட்டியது. செப்பு நாடா அவ்விடத்தில் விலகியிருக்க வேண்டும். எம் கை தன்னையறியாமல் மேலே எழுந்தது. அன்னையார் கதிரையிலிருந்து எம்மைப் பார்த்தார். கையை மடக்கிக்கொண்டோம்.

சிறிது நேரத்தில் மகளே கதிரையொன்றை இழுத்து வந்து, அதன்மேல் ஏறி, அந்த முனையை விரலால் அழுத்திவிட்டாள். நாம் கதிரையைப் பிடித்துக்கொண்டோம்.